முன்பக்கத்துக்கு ஒரு படம்

வரலாறு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நாள் இது என்று ஆசிரியர் காலையில் எழுதியிருக்கிறார். வரலாறு எப்படியோ, இடதுசாரி நாளிதழின் இந்தச் சின்ன அலுவலகத்தில் தொலைக்காட்சி சரியாகக் கேட்கவேண்டுமென்று மின்விசிறியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தேசம் முழுவதும் வாக்குகள் எண்ணப்படுகின்றன. இருபது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக இடதுசாரிக் கூட்டணி இரண்டு இடம் முந்துகிறது, மூன்று பிந்துகிறது, மறுபடி முந்துகிறது. ஜன்னல் வெயிலில் காகிதத் தூசு, எந்தக் கட்சியிலும் சேராமல், மெல்ல மிதக்கிறது. எல்லோர் கையிலும் டீ இருக்கிறது, யாரும் குடிப்பதில்லை. கதவில் சாய்ந்திருக்கும் அச்சுக்காரர், ஆசிரியருடைய மைத்துனர், கனவு கலைந்துவிடும் என்பதுபோல் கண்ணைப் பாதிதான் திறந்திருக்கிறார்.

“தோத்தா கவலையில்ல தோழர், பக்கம் ரெடி,” என்கிறார் பக்கம் வடிவமைக்கும் அக்கா. “போன தடவை போட்ட தலையங்கம்தான். தேதிய மட்டும் மாத்தணும்.”

“வாயை மூடும்மா. ஜெயிக்கப் போறோம்,” என்கிறார் ஆசிரியர்.

“அப்போ தலைவர் சிரிக்கிற படம் வேணும். காலையிலேருந்து தேடுறேன்.”

“முப்பது வருஷப் படம் இருக்கே!”

“எல்லாத்துலயும் விரலை நீட்டிட்டு நிக்கிறாரு மச்சான்,” என்கிறார் அச்சுக்காரர். “ஒண்ணுல சிரிப்பு மாதிரி இருந்துச்சு. உத்துப் பார்த்தா தும்மல்.”

தொலைக்காட்சியில் எண் மாறுகிறது. பத்து இடம் முந்துகிறது. ஆசிரியர் டீயை மேசையில் வைத்துவிட்டு முன்பக்கத்தின் காலி இடத்தை அளக்கிறார். அக்கா கடைசி உறையைப் பிரிக்கிறார். கிடைத்துவிட்டது: தலைவர் பல் வரிசை முழுவதும் தெரியச் சிரிக்கிறார். அக்கா படத்தைத் திருப்பி, பின்னால் எழுதியிருப்பதைப் படிக்கிறார்.

முன்னாள் பொருளாளரின் இரங்கல் கூட்டத்தில் எடுத்தது.