தலைக்கு நான்கு கேன்

"ஃபார்முலா மேல நம்பர அடிக்காத, பத்மா. தப்பு அங்கதான் போய் ஒளிஞ்சுக்கும்" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார் என் கணவர் தண்டபாணி. கம்பெனிகளின் எக்செல் கணக்குகளில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. வீட்டுத் தண்ணீர் கேனுக்கும் ஒரு ஷீட் வைத்திருந்தார். வீட்டில் உள்ளவர்களின் பெயர்களை எண்ணி, தலைக்கு மாதம் நான்கு கேன் என்று அதுவே கணக்குப் போடும். அன்று கச்சிபௌலியில் இருக்கும் ஆபீசுக்குப் போகும் வழியில் லாரி மோதி அவர் இறந்துபோனார்.

காரியம் முடிந்தபின் பட்டியலில் அவர் பெயரை அழித்தேன். என் பெயரும் மகள் பெயரும்தான் மிச்சம். ஆள் எண்ணிக்கை மூன்று என்றே காட்டியது.

முதலில் மகளைச் சந்தேகப்பட்டேன். "நேனு முட்டுக்கோலேதம்மா" என்றாள், பள்ளியில் பழகிய தெலுங்கில். அவள் தொடவே இல்லையாம். பிறகு, அவருடன் வேலை பார்த்த சபீனாவை. அந்த ஃபைலை அவளாலும் திறக்க முடியும். அவளே வீட்டுக்கு வந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். மறைத்து வைத்த வரிசை எதுவும் இல்லை.

"ஃபார்முலா சரியாத்தான் இருக்குக்கா. பேசாம ரெண்டுன்னு அடிச்சிடுங்க."

நான் அடிக்கவில்லை. ஆனால் ஒன்றாம் தேதி, இரண்டு பேருக்கு என்று எட்டு கேன்தான் வாங்கினேன். விருந்தாளி யாரும் வரவில்லை. இருபதாம் தேதி மாலை எட்டாவது கேனும் காலி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கு எட்டு கேன் சரியாக இருபது நாள் வரும்.

இன்னும் நான்கு கேனுக்குச் சொன்னேன். கட்டத்தில் இப்போதும் மூன்று என்றே இருக்கிறது.