தானாகப் பொருந்தியவை

கார் கம்பெனிக்குப் போய்வரும் வேதவல்லி ரெண்டு மாதமாக வாரம் ஒரு கொரியச் சொல்லோடு வீடு திரும்பினாள். "அங்கயும் அப்பாவுக்கு அப்பாதானாங்க. நாம நீன்னா அவங்களும் நீதானாம்." சொல்லித்தந்தவன் ஹான் என்கிற எஞ்சினியர். கேட்டதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகும்போதெல்லாம் அவள் கணவன் தணிகைவேலுக்கு வயிறு எரிந்தது. ஜாதகத்தில் பத்துக்கு ஒன்பது பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவள், ஆறு வருடத்தில் அவன் பேசிய எதற்கும் இப்படி முகம் மலர்ந்ததில்லை. அவனும் சும்மா இருக்கவில்லை. மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து அகராதிகளைப் புரட்டி ஒரு சொல்லைப் பிடித்துவந்தான்.

"மலாய்க்காரங்களும் கப்பலைக் காப்பல்னுதான் சொல்றாங்க, தெரியுமா?"

"அது இங்கேருந்து போனதுங்க, சேத்துக்க முடியாது. இதெல்லாம் யாரும் கொண்டுபோய்க் குடுக்காம தானாப் பொருந்தினது" என்று சிரித்தாள்.

அவன் பாட்டிலை மூடி வைத்தான். "சரி, புருஷனுக்கு என்ன சொல்றாங்களாம்?"

வேதவல்லி காகிதத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள்.

"அதக் கேக்கணும்னு தோணவே இல்லைங்க" என்றவள், தூக்கிக்கொண்டிருந்த அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.