பூட்டுக்காரரின் மாமனார்

கடன் வசூலிக்கிறவன் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, 'என்னைப் போனில் மிரட்டுகிறார்கள்' என்று புகார் கொடுப்பது தினமும் நடக்கிற காரியமல்ல. 'ஸ்பீக்கர்' அதைத்தான் செய்துகொண்டிருந்தான். தொண்டையின் பலத்துக்காக ஆபீசில் வைத்த பெயர் அது. இன்று அந்தத் தொண்டை கம்மியிருந்தது.

"குடும்பமே ரவுடிக் கும்பல், மேடம். மாமனார், அண்ணன், சித்தப்பா, ஒருத்தன் பாக்கியில்ல. என் மாமியாருக்குப் போன் பண்ணி, 'உங்க மாப்பிள்ளை ஃபிராடு'ன்னு சொல்லியிருக்கானுங்க. என் பொண்டாட்டி வேலை பாக்கிற ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் விஷயம் போயிடுச்சு. இதுக்கு ஒரு முடிவு கட்டாம வீட்டுப் படி ஏறாதீங்கன்னு சொல்லிட்டா, மேடம்."

சப்-இன்ஸ்பெக்டர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "அவங்க எதுக்கு உங்களைக் கூப்பிடணும்?"

"முதல்ல நான்தான் கூப்பிட்டேன், மேடம். தொழில்."

அந்தத் தொழில் நடக்கும் விதம் இது. போனிலேயே கடன் தரும் ஆப் ஒன்று. கடன் வாங்குகிறவர் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்திய நொடியில், அவர் போனில் சேமித்து வைத்திருக்கும் அத்தனை பெயர்களும் எண்களும் கம்பெனிக்குப் போய்விடும். அதன்பின் ஆப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் பட்டியல் புதிதாகப் போகும். தவணை தவறினால் ஸ்பீக்கர் போன்றவர்கள் களத்தில் இறங்குவார்கள். கடன் வாங்கியவரிடம் கத்துவதில் பலனில்லை. அவருக்கு ஏற்கெனவே மரத்துப்போயிருக்கும். அதனால் அம்மா, அக்கா என்று கூச்சப்படுகிற ஆளாகப் பார்த்துப் பிடிப்பார்கள். பேசுவது கம்பெனி சிம்மில். சொல்லும் பெயர் பொய். வீரமெல்லாம் அந்தச் சிம்முக்குப் பின்னால்தான்.

சாவி போட்டுப் பிழைக்கும் பூட்டுக்காரர் ஒருவரின் அக்காவை அழவைத்தது ஸ்பீக்கரின் சமீபத்திய சாதனை.

"சார், அக்கா என்கூடப் பேசுறதையே விட்டுட்டாங்க. என்னை என்ன வேணா திட்டுங்க, அவங்களை விட்டுடுங்க" என்று கெஞ்சினார் பூட்டுக்காரர்.

"அப்போ மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று சிரித்தான் ஸ்பீக்கர்.

அடுத்த வாரம் வந்த பட்டியலில் அம்மா, அக்கா எண்கள் இல்லை. 'மாமனார்', 'பெரியண்ணன்', 'சித்தப்பா' என்று மூன்று புதிய எண்கள் இருந்தன. பெண்களை ஒளித்துவைத்த முட்டாள், ஆண்களை விட்டுவிட்டானே என்று ஸ்பீக்கருக்கு ஒரே குஷி. மாமனாரைக் கூப்பிட்டான்.

"யோவ் பெரியவரே, உம்ம மாப்பிள்ளை ஒரு திருடன், தெரியுமா?"

"டேய், உன்னைத்தாண்டா தேடிட்டிருக்கேன்! அவனைக் கொண்டாந்து நிறுத்து. இல்ல, உன் வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன்!"

அதற்குமேல் வந்த வசவுகளில் பாதி ஸ்பீக்கர் தினமும் பயன்படுத்துபவை. மீதி அவனுக்கே புதியவை. பதில் சொல்வதற்குள் மாமனார் அந்தக் கம்பெனி எண்ணையே பிளாக் செய்துவிட்டார். ஸ்பீக்கரை யாரும் பிளாக் செய்ததில்லை! ஆத்திரத்தில் சொந்தப் போனை எடுத்து மறுபடி கூப்பிட்டான்.

சொந்த எண் ஒன்று சிக்கினால் அதை வைத்து ஆளையும், ஆளை வைத்து மனைவியையும், மனைவியை வைத்து மாமியாரையும் பிடிப்பது எப்படி என்று ஸ்பீக்கர் பத்துப் பேருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறான். மாமனாருக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்களோ, சாயங்காலத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. மறுநாள் பெரியண்ணன். அதற்கு மறுநாள் சித்தப்பா.

"எழுதிக் குடுங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பேரு, அட்ரஸ், என்ன வேலை, எந்தக் கம்பெனி. முக்கியமா, நிஜப் பேரு."

ஸ்பீக்கர் ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டான். சப்-இன்ஸ்பெக்டர் அதில் இருந்த மாமனார் எண்ணை மேசைப் போனில் சுழற்றினார்.

ஸ்பீக்கரின் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தது.

பெஞ்சில் கையில் ஆளுக்கொரு புகார்க் காகிதத்தோடு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த வழுக்கைத் தலை, "ஹலோ, யாருய்யா?" என்றது.

"மேடம், இந்தக் குரல்தான்! இவன்தான் பூட்டுக்காரனோட மாமனார்!"

"யாருக்குடா மாமனார்? எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல!" வழுக்கைத் தலை துள்ளி எழுந்தது. "மேடம், விடாதீங்க, இவன்தான் அந்த மச்சான்! எனக்கு வந்த பூட்டுக்காரன் லிஸ்ட்ல இவன் நம்பர் 'மச்சான்'னுதான் வந்துச்சு. இவன் என் அம்மாவுக்கே போன் பண்ணி..."

"உங்களுக்கு என்ன வேலை?"

"வசூல், மேடம். இவன் கம்பெனி இல்ல, வேற ஆப்."

பெஞ்சில் மிச்சமிருந்த பெரியண்ணனும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இன்னும் இரண்டு ஆப்.

"ஒரு கடனை அடைக்க இன்னொண்ணுன்னு நாலு ஆப்ல வாங்கியிருக்கார் பூட்டுக்காரர். உங்க நாலு பேர் நம்பரையும் சொந்தக்காரங்க பேர்ல சேமிச்சு வெச்சிருக்கார்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர், மேசை இழுப்பறையைத் திறந்தபடி. "அக்கா அழுத அன்னைக்கே இங்க வந்தாரு. பேரும் ஊரும் தெரியாம யாரைப் பிடிக்கிறதுன்னு கேட்டேன். 'நானே அனுப்பி வைக்கிறேன் மேடம்'னு சொல்லிட்டுப் போனாரு. நான்தான் நம்பல."

பழைய புகார் ஒன்றை வெளியே எடுத்து, 'எதிரிகள்: பெயர், முகவரி தெரியாத நால்வர்' என்ற வரியில் 'தெரியாத' என்பதை மட்டும் அடித்துவிட்டு, அவர்களே கையெழுத்திட்டுக் கொடுத்த நான்கு காகிதங்களையும் பார்த்து நிதானமாக எழுத ஆரம்பித்தார்.