ஆறாம் பெட்

கண்ணை மூடி மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கச் சொன்னார் பயிற்சியாளர் ஜெஸ்ஸி.

ஹம்ஸினி மூடவில்லை. கீழே கேஷுவாலிட்டியில் ஆறாம் பெட்டுக்கு ஈசிஜி தாறுமாறாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மேல்மாடியில் டாக்டர்களுக்கு மன அமைதி வகுப்பு. வீடு பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்பு கேட்ட கதைதான்.

போனையெல்லாம் வாசலிலேயே கூடையில் வாங்கி வைத்துக்கொண்டாயிற்று. இல்லாவிட்டால் நர்ஸ் கமலாவையாவது கேட்டிருக்கலாம்.

கடற்கரையில் நடப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார் ஜெஸ்ஸி. இந்த ஊரில் கடலுக்கு எங்கே போவது? ஹுசேன் சாகர் ஏரியை நினைத்தால் மூக்கைத்தான் பொத்திக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் ஜெயந்த் கண்ணை மூடிய வேகத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான். கொடுத்து வைத்தவன்.

ஆறாம் பெட்டை நினைக்க நினைக்க அவளுக்கு எரிச்சலாக வந்தது. கேஷுவாலிட்டியில் யாருக்கும் பெயர் கிடையாது, பெட் நம்பர்தான். பெயர் சொல்லிப் பழகினால் கை நடுங்கும் என்று முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இந்த ஆறாம் பெட் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறது. நெஞ்சு வலித்ததும் கேஸ் டிரபிள் என்று சோடா குடித்துவிட்டு, குஷாய்குடாவிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருக்கிறது. ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே வேடிக்கை பார்க்குமாம். சொன்ன பேச்சு கேட்காத ஜென்மம்.

பிழைத்து எழுந்திருக்கட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

முதலில் பார்த்தது அவள்தான். ஊசி போடக் கையைப் பிடித்தபோது துறைத் தலைவர் வேணுகோபால் வந்து அவளை நகர்த்திவிட்டார்.

"நீ நக்கோ, வேணாம். நாங்க பாத்துக்குறோம். மேல கிளாஸ்ல போய் உக்காரு."

வேலை தெரிந்தவளை விரட்டிவிட்டு என்னத்தைப் பார்த்துக்கொள்வது? மனுஷனுக்கு வயசாகிவிட்டது, வேறென்ன.

கதவு திறந்தது. வேணுகோபால்தான். அவளை மட்டும் வெளியே வரும்படி சைகை காட்டினார்.

ஒருவழியாக ஆள் தேவைப்பட்டுவிட்டது என்று, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

"சார், ஆறாம் பெட்டுக்கு மறுபடி ஈசிஜி எடுத்தீங்களா?"

அவர் தன் போனை அணைத்துப் பையில் போட்டார். வராந்தாவில் கிடந்த இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டு, ஒன்றில் அவளை உட்காரவைத்து, மற்றதில் தானும் உட்கார்ந்தார்.

இந்தப் பாடத்தை நடத்தியதே அவர்தான். கெட்ட செய்தியை நின்றுகொண்டு சொல்லக் கூடாது. நோயாளியின் ஆட்களை உட்காரவைத்து, போனை அணைத்துவிட்டு, அவர்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பாவைப் பத்தி இதுவரைக்கும் உனக்கு என்ன தெரியும், ஹம்ஸினி?"