அவசரம் என்றால் அழுத்தவும்

நீதிமன்ற லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது.

உள்ளே இரண்டே பேர். ஒருவர் மனுதாரர். மற்றவர், யாரை எதிர்த்து மனுவோ அவர்.

அரசு மருத்துவமனை லிஃப்டுகளின் பராமரிப்பை, டெண்டரே வைக்காமல், 'அவசரம்' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அதிகாரியின் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறது. பாசத்தில் அல்ல.

மனுதாரரும் லிஃப்ட் தொழில்தான். வக்கீல் வைக்கக் கட்டுப்படியாகாமல் தானே வாதாட வந்திருந்தார். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் மனு தள்ளுபடி. அவருடைய மெக்கானிக்குகள் வேறு பிழைப்பு தேட வேண்டியதுதான். அவர்கள் எல்லோரும் பட்டறையைப் பூட்டிவிட்டு, வெள்ளைச் சட்டையில் மேலே நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

மச்சான் கதவை ஒரு உதை விட்டார்.

"இந்த லிஃப்டையும் எவனோ என்னை மாதிரி டெண்டர் இல்லாம எடுத்திருக்கான்ணே."

மனுதாரருக்குச் சிரிப்பு வரவில்லை. வியர்த்தது.

மேலே நீதிமன்றச் சேவகர் மனுதாரரின் பெயரை ஏலம் விடுகிற ராகத்தில் கூவினார். ஒரு தரம்.

மச்சானின் விரல், பராமரிப்புக்காரருக்குப் போன் போகிற சிவப்புப் பொத்தானை நோக்கிப் போனது.

"அது வேணாம். கொஞ்ச நேரத்துல தானா நகரும்."

"தானா நகர இது என்ன என் ஃபைலா?"

இரண்டாம் தரம்.

மச்சான் அழுத்தினார்.

மனுதாரரின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

மச்சான் பொத்தானைப் பார்த்தார். பையைப் பார்த்தார். சந்தேகத்துக்கு இன்னொரு முறை அழுத்தினார். பை இன்னொரு முறை அடித்தது.

"எடுங்கண்ணே. உள்ள ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்களாம்."

மனுதாரர் எடுக்கவில்லை. எடுத்தாலும் அனுப்ப ஆளில்லை; எல்லோரும் போனை அணைத்துவிட்டு மேலே பெஞ்சில்.

"இதுக்கு டெண்டர் வச்சாங்களா?"

மனுதாரர் கதவில் மங்கலாகத் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... அப்ப கொஞ்சம் அவசரம்."

மூன்றாம் தரம்.

பிறகு மேலே அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

மச்சான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கைக்குட்டையால் பக்கத்து இடத்தையும் தட்டிவிட்டார்.

"உக்காருங்க, மச்சான்."