மஞ்சள் களத்தில் ஒரு ரோடு

நாமகிரிப்பேட்டை செங்கோடன் களத்தில் காயப்போட்டிருந்த மஞ்சளின் மேல் அந்த வாரமும் ஒரு கார் வந்து ஏறி நின்றது.

"மேப்புல இப்படித்தானுங்க ரோடு காட்டுது" என்றார் டிரைவர்.

"மேப்பு காட்டுனா கெணத்துக்குள்ளயும் உடுவீங்களா?" என்று எகிறினார் செங்கோடன்.

அடுத்து அதே வழியில் பைக்கில் வந்து மாட்டியவன் சிவபிரகாஷ். சேலத்தில் கம்ப்யூட்டர் வேலை. மற்றவர்களைப் போல வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடாமல், இறங்கி மஞ்சளை ஒதுக்கிக் கொடுத்தான். மேப் கம்பெனிக்குச் செங்கோடன் பெயரில் ஒரு புகாரும் அனுப்பினான்.

பிறகு ஞாயிறுதோறும் வந்து பார்த்தான். ரோடு அப்படியேதான் கிடந்தது. சேலத்தில் படிக்கும் மகள் அபிநயா மோர் கொடுப்பாள். குடித்துவிட்டு இன்னொரு புகார் அனுப்புவான்.

"பெரிய கம்பெனிங்க. மெதுவாத்தானுங்க பாப்பாங்க."

"அவனுக கெடக்கறானுக. உன்ற பொறுமை ஆருக்கு வரும் சாமி?"

விசாரித்ததில் பையன் தூரத்துச் சொந்தமாகவும் போனான். வைகாசியிலேயே கல்யாணத்தை முடித்துவிட்டு, "தரகரெல்லாம் இல்லீங்க, மாப்பிள்ளைய நானே கண்டுபுடிச்சேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் செங்கோடன்.

விருந்து முடிந்து மகளும் மாப்பிள்ளையும் பைக்கில் ஏறும்போது, களத்துக்குள் இன்னொரு கார் நுழைந்தது. செங்கோடன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அபிநயா கணவனின் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்க, அதான் கல்யாணம் முடிஞ்சுதே. மேப்புல நீங்க போட்டுவிட்ட ரோட்டை இனியாச்சும் எடுத்துருங்க. அப்பா பாவம்."