ஓ ரிங்கில் ஒரு முடி

“இது யாரோட முடி?”

டோன்யா நிதியாவின் கேள்வியும் முடியும் ஒன்றாகவே வந்து கடையின் கண்ணாடி மேசைமேல் விழுந்தன. ஒரு முழ நீளம். பாதி கறுப்பு, மீதி நீலம்.

மெக்சிகோவின் கொசுமெல் தீவில் நீல முடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் சுற்றுலாக் கப்பலில் காலையில் வந்து சாயங்காலம் அதே கப்பலில் போய்விடும். தீவிலேயே தங்கிவிட்ட நீல முடி ஒன்றுதான். அது டோன்யா நிதியாவின் மகள் சாசிலுடையது. சாசிலும் இந்தக் கேமராக் கடைக்கார வில்பெர்த்தும் ஒரு வருடமாகக் காதலிக்கிறார்கள். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்பது சாசிலின் உத்தரவு.

“என்னோடதுதான், டோன்யா,” என்றான் வில்பெர்த், ‘அம்மணி’ என்கிற அந்த மரியாதை குறையாமல்.

அவள் நிமிர்ந்து அவன் தலையைப் பார்த்தாள். மழுங்கச் சிரைத்த தலை. பிறகு அலமாரியில் இருந்த, கேமராவுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடிக் குமிழைப் பார்த்தாள். மறுபடி தலையைப் பார்த்தாள்.

“எது தலை, எது விற்பனைக்குன்னு சீட்டு ஒட்டி வை. அவசரத்துல யாராவது மாத்தித் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க.”

வில்பெர்த்துக்குச் சிரிப்பு வரவில்லை. மேசைமேல் ஈரத் துண்டில் சுற்றிய மூட்டை ஒன்று இருந்தது. உள்ளே, கடலுக்கடியில் கேமரா நனையாமல் காக்கும் அவளுடைய கேமராக் கூடு. சனிக்கிழமை அதன் ஓ ரிங்கைத் துடைத்து, கிரீஸ் தடவி, கேமராவை உள்ளே வைத்துப் பூட்டிக் கொடுத்தவன் அவன்தான்.

“நீ தொழில் தெரிஞ்சவன், சொல்லு. ஓ ரிங்ல ஒரு முடி படுத்திருந்தா என்ன ஆகும்?”

என்ன ஆகும்? கடல் உள்ளே வரும். கூட்டின் இரண்டு பாதிக்கும் நடுவே காவல் நிற்பது அந்த ரப்பர் வளையம் ஒன்றுதான். அதில் ஒரு முடி குறுக்கே விழுந்தால் கேமரா உப்புக்கண்டம். கடலுக்கடியில் பயணிகளைப் படமெடுத்துத்தான் டோன்யா நிதியாவின் அடுப்பு எரிகிறது.

“முதல்ல வாளித் தண்ணியில முக்கிப் பாக்கலையா?” என்றான்.

“நீ பூட்டிக் குடுத்ததை நான் எதுக்குச் சந்தேகப்படணும்?”

அவன் சுத்தமாக இருந்த மேசையைத் துடைக்க ஆரம்பித்தான்.

“சரி, வேற கூடு காட்டு,” என்றாள்.

அவன் அலுமினியக் கூடு ஒன்றை எடுத்து வைத்தான். “இது ரொம்ப உறுதி. எவ்வளவு ஆழம் போனாலும் தாங்கும்.”

“உள்ள என்ன நடக்குதுன்னு வெளியிலேருந்து தெரியுமா?”

“தெரியாது, டோன்யா.”

“அப்போ வேண்டாம். அந்த மாதிரி ஒண்ணு ஏற்கெனவே வீட்டுல வளர்த்து வச்சிருக்கேன்.”

அவசரமாக அதை உள்ளே தள்ளிவிட்டு, எல்லாம் வெளியே தெரிகிற அக்ரிலிக் கூட்டை எடுத்தான். “ஈரம் பட்டா கத்துற அலாரமும் இதுல மாட்டலாம்.”

“கத்துமா?”

“ஒரு சொட்டு பட்டாலே கத்தும்.”

“நல்ல பழக்கம்.” அவள் முடியை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இது என் பொண்ணோடதுன்னா என் பொழைப்புல மண்ணைப் போட்டது அவதான்னு ஆகுது. வீட்டுக்குப் போய் அவகிட்டயே பேசிக்கறேன்.”

அவள் மூட்டையைத் தூக்கினாள். வில்பெர்த் மேசையைச் சுற்றி ஓடி வந்து வாசலை மறித்தான்.

“அவ மேல தப்பில்ல, டோன்யா. சனிக்கிழமை இங்க வந்தா, நிஜம். வரச் சொன்னது நான். ஓ ரிங்கைப் பாக்க வேண்டிய நேரத்துல அவளைப் பாத்துட்டு உக்காந்திருந்ததும் நான்தான். என் கேமராவை நீங்க எடுத்துக்கங்க. அவளைத் திட்டாதீங்க. அவளைத்தான் கட்டிக்கணும்னு இருக்கேன். அதையும் இப்பவே சொல்லிடறேன். இதுக்கு மேல கெடறதுக்கு ஒண்ணும் இல்ல.”

டோன்யா நிதியா மூட்டையை மறுபடி மேசைமேல் வைத்துத் துண்டை உருவினாள்.

“திற.”

பிணத்தின் முகத்துணியை விலக்குகிறவன் போல அவன் கொக்கிகளை விடுவித்தான். உள்ளே கேமரா இருந்தது. தொட்டான். காய்ந்திருந்தது. பொத்தானை அழுத்தினான். திரையில், இன்று காலை எடுத்த தவளைமீன் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தது. அவனும் அதே மாதிரிதான் அதைப் பார்த்தான்.

“தண்ணி புகல,” என்றான்.

“புகுந்துச்சுன்னு நான் எப்பச் சொன்னேன்? படுத்தா என்ன ஆகும்னு கேட்டேன். மிச்சத்தை நீயே ரொப்பிக்கிட்ட.”

வில்பெர்த் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது.

“திங்கக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்துடு. பீன்ஸும் பன்னிக்கறியும் வைப்பேன்.”

“அப்போ இந்த முடி, டோன்யா?”

“படகைப் பாத்தாலே வாந்தி எடுக்கறவ, நேத்து சாப்பிடும்போது ஓ ரிங்குக்கு எவ்வளவு கிரீஸ்னு எனக்கே பாடம் எடுக்கறா. யாரு சொல்லிக் குடுத்தான்னுதான் கேட்டேன். வில்பெர்த்னு யாரையுமே எனக்குத் தெரியாதுன்னு மேரி மாதா மேல சத்தியம் பண்ணினா,” என்றாள் டோன்யா நிதியா. “அதான் காலையில அவ சீப்புலேருந்து ஒண்ணு உருவிட்டு வந்தேன்.”